சனியின் வாசலில் பதின்மூன்று ஆண்டுகள்



ஓர் அறிவியல் ஆசிரியர் தம் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தை வைப்பு நிதியாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளுக்கு அறிவியல் பேச வேண்டும் என்று எழுதி வைத்துப் போயிருக்கிறார். அவர் நிறுவிய அறக்கட்டளையின் கூட்டத்தில் நிற்பது என் பேறு. காசினி விண்கலத்தைப் பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டபோது, அது முடிந்துபோன கதையாயிற்றே என்றார் அமைப்பாளர்களில் ஒருவர். முடிந்துவிட்டதால்தான் முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் பார்க்க முடிகிறது.

ஒரு பொங்கல் இரவிலிருந்து தொடங்குகிறேன். 2005 ஜனவரி 14, வெள்ளிக்கிழமை. சுனாமி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவில் கோலம் இருந்தது, கரும்பு இருந்தது. ஒலிபெருக்கி மட்டும் வைக்கவில்லை. இரவு எட்டரை மணி வாக்கில் என் சிறிய தொலைநோக்கியை வாசலில் நிறுத்திச் சனியைப் பிடித்து வைத்தேன். சனி சூரியனுக்கு நேர் எதிரே வந்து ஒரு நாள் ஆகியிருந்தது. பொழுது சாயும்போதே கிழக்கே எழுந்துவிட்டது. தெருப் பிள்ளைகள் எல்லாம் பார்த்து முடித்த பிறகு எதிர்வீட்டு அம்மா வந்தார். சனிக்கிழமை தவறாமல் கோயிலில் எள் விளக்கு ஏற்றுகிறவர். வைத்த கண்ணை அவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

"சார், நான் வாராவாரம் விளக்குப் போடுறது இவருக்கா?"

"இவருக்குத்தாம்மா."

"ஒட்டியாணம் போட்டிருக்காரே!"

வளையத்தை இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்தில் சற்றுத் தள்ளி ஒரு மங்கலான புள்ளி தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். அதுதான் டைட்டன், சனியின் பெரிய நிலா. அன்று மாலைதான், நம் கடிகாரத்தில் ஐந்து மணி தாண்டி, மனிதர் செய்த ஒரு பொருள் பாராசூட்டில் அங்கே போய் இறங்கியிருந்தது. அதைச் சொன்னேன். அந்த அம்மா மறுபடியும் குனிந்து பார்த்தார்.

இந்தக் கோளை நம் முன்னோர் மந்தன் என்றார்கள். மெதுவாக நடப்பவன் என்று பொருள். காரி என்றும் மைம்மீன் என்றும் பெயர் உண்டு. வளையத்தைக் காண வழியில்லாத காலத்தில் நடையைக் கவனித்தே பெயர் வைத்திருக்கிறார்கள். சூரியனை ஒரு முறை சுற்றிவர அதற்கு 29.5 ஆண்டு. 'முப்பது ஆண்டு வாழ்ந்தவரும் இல்லை, முப்பது ஆண்டு தாழ்ந்தவரும் இல்லை' என்ற பழமொழியில் வரும் முப்பது, சனியின் ஒரு சுற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஐரோப்பாவில் 1610இல் கலிலியோ தம் தொலைநோக்கியில் பார்த்தபோது கோளின் இரு புறமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது. வளையம் என்று அவருக்குப் புலப்படவில்லை. 1655இல் டைட்டனைக் கண்டவர் டச்சு அறிஞர் ஹைகன்ஸ். அது வளையம் என்று 1659இல் எழுதியவரும் அவரே. வளையத்தின் நடுவே இடைவெளி இருப்பதை 1675இல் பாரிசிலிருந்து பார்த்தவர் வானியலாளர் காசினி. இந்த இருவர் பெயரும்தான் விண்கலத்துக்கு வந்தன. பெரிய கலம் காசினி. டைட்டனில் இறங்க அது சுமந்துசென்ற சிறு கலம் ஹைகன்ஸ்.

அதற்கு முன்னும் சனிக்குக் கலங்கள் போயின. 1979இல் பயோனியர் 11, 1980இலும் 1981இலும் இரண்டு வாயேஜர்கள். அவை எட்டிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனவை. அங்கேயே தங்கிப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு 1982இல் ஐரோப்பிய, அமெரிக்க அறிவியலாளர்களிடையே எழுந்தது. நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை, இத்தாலிய விண்வெளி முகமை மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. நடுவில் அமெரிக்காவில் பணத்துக்கு நெருக்கடி வந்தது. கருவிகளைத் திருப்பும் சுழல் மேடையைச் செலவு மிச்சம் என்று எடுத்துவிட்டார்கள். கருவிகள் கலத்தின் உடலோடு இறுகிப்போயின. அதனால் படம் எடுக்க வேண்டுமானால் கலம் முழுவதும் திரும்ப வேண்டும். அப்போது ஆன்டெனா பூமியைப் பார்க்காது. பார்ப்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் முடியாத கலமாகவே காசினி கடைசிவரை வாழ்ந்தது. 1994இல் திட்டத்தையே கைவிடும் பேச்சு வந்தபோது, ஐரோப்பிய முகமையின் தலைவர் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோருக்குக் கடிதம் எழுதித் தடுக்க வேண்டியிருந்தது.

1997 அக்டோபர் 15 அன்று கேப் கனாவெரலிலிருந்து கலம் புறப்பட்டது. உயரம் 6.8 மீட்டர், எரிபொருளோடு 5,700 கிலோவுக்கு மேல் எடை. சனியருகே சூரிய வெளிச்சம் நமக்குக் கிடைப்பதில் நூற்றில் ஒரு பங்கு. ஆகவே மின்சாரத்துக்குச் சுமார் 33 கிலோ புளூட்டோனியம் ஏற்றினார்கள். ஏவும்போது வெடித்தால் என்ன ஆகும் என்று மக்கள் தெருவில் நின்று எதிர்த்தார்கள். அந்த அச்சம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அப்படிக் கேட்பவர்கள் இருப்பதால்தான் பாதுகாப்புக் கணக்குகள் ஒழுங்காகப் போடப்படுகின்றன. இவ்வளவு எடையை நேரே சனிக்கு எறிய அந்த ராக்கெட்டால் முடியாது. வெள்ளியை இரண்டு முறை, பூமியை ஒரு முறை, வியாழனை ஒரு முறை நெருங்கிக் கடந்து, ஒவ்வொரு கோளின் ஓட்டத்திலிருந்தும் கொஞ்சம் வேகத்தைக் கடன் வாங்கிக்கொண்டு போயிற்று. ஏழு ஆண்டுப் பயணம். 350 கோடி கிலோமீட்டர்.

ராக்கெட்டுக்கும் கணக்குக்கும் முன்னால் இரண்டு மனிதர்கள் என் மனத்தில் வந்து நிற்கிறார்கள். எல்லாரும் கையெழுத்திட்டு முடித்த திட்டத்தை 'இன்னொரு தரம் பார்த்துவிடலாமே' என்று கேட்டவர்கள். அவர்கள் கேட்டதற்குச் செவி கொடுத்தவர்களும் அங்கே இருந்தார்கள். இன்று அந்த இருவருக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதலாமவர் போரிஸ் ஸ்மெட்ஸ். சுவீடன்காரர், ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஐரோப்பியக் கட்டுப்பாட்டு மையத்தில் வானொலிப் பொறியாளர். ஹைகன்ஸ் டைட்டனில் இறங்கும்போது அதன் குரல் பூமிக்கு நேராக வராது. அதிலிருந்த டிரான்ஸ்மிட்டரின் வலு 10 வாட். வீட்டில் இரவு விளக்குக்கு ஆகும் மின்சாரம். அந்தக் குரலை மேலே பறக்கும் காசினி கேட்டு, சேமித்து, பிறகு பூமிக்குத் திரும்பிச் சொல்ல வேண்டும். ஆகவே காசினியில் உள்ள ரிசீவர்தான் எல்லாம். அந்த ரிசீவரை, ஹைகன்ஸ் உண்மையில் பேசுவதுபோன்ற சமிக்ஞை கொடுத்து ஏவுமுன் முழுமையாகச் சோதித்திருக்கவில்லை. அதைச் செய்ய வேண்டுமானால் கட்டி முடித்த பாகங்களைக் கழற்றி, திரும்பப் பூட்டி, திரும்பச் சான்று பெற வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

கலம் போய்க்கொண்டிருக்கும்போதே அந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்றார் ஸ்மெட்ஸ். எளிய சோதனை ஒன்று போதும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் விடவில்லை. டைட்டனில் விழும் ஹைகன்ஸ் எப்படிப் பேசுமோ அப்படியே, அசைவால் வரும் மாற்றங்களையும் சேர்த்து, ஒரு போலிச் சமிக்ஞையைத் தயாரித்தார். 2000 பிப்ரவரியில் கலிபோர்னியப் பாலைவனத்தில் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனா நிலையத்துக்குத் தாமே போய், காசினியை நோக்கி அதை அனுப்பினார். காசினி கேட்டதைத் திருப்பிச் சொன்னது. சமிக்ஞை வலுவாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் உள்ளே இருந்த தகவல் உதிர்ந்துபோயிருந்தது.

காரணத்தை நம் ஊர் இசையில் சொன்னால் விளங்கும். நாதஸ்வரமும் தவிலும் வாசித்துக்கொண்டு ஒரு வண்டி நம்மை நோக்கி விரைந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் காதில் சுருதி ஏறிக் கேட்கும். இது டாப்ளர் விளைவு, பதினோராம் வகுப்புப் பாடம். தவிலின் தாளமும் அதே விகிதத்தில் துரிதமாகும். ரிசீவரை வடிவமைத்தவர்கள் சுருதி மாறும் என்பதற்கு இடம் விட்டிருந்தார்கள். காலப்பிரமாணமும் சேர்ந்து மாறும் என்பதற்கு விடவில்லை. அலையைப் பிடித்த ரிசீவர் தாளத்தைத் தவறவிட்டது. இரண்டு கலங்களுக்கும் இடையே நொடிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும் என்பது திட்டம். அப்படியே போயிருந்தால் ஏழு ஆண்டு சுமந்துபோன கலத்தின் பேச்சில் பெரும்பகுதி காற்றில் போயிருக்கும்.

ரிசீவருக்குள் இருந்த நிரலைப் பூமியிலிருந்து மாற்ற வழியில்லை. கருவியை மாற்ற முடியாதபோது பாதையை மாற்றினார்கள். டைட்டனிலிருந்து 1,200 கிலோமீட்டரில் கடப்பதாக இருந்த காசினியைச் சுமார் 60,000 கிலோமீட்டர் தள்ளிப் போகச் செய்தார்கள். இப்போது ஹைகன்ஸ் விழும் திசைக்குக் குறுக்காகக் காசினி போகும்; ஒன்றை ஒன்று நெருங்கும் வேகம் வெகுவாகக் குறையும்; தாளம் ரிசீவருக்குப் பிடிபடும். 2004 நவம்பரில் நடக்க வேண்டிய இறக்கம் அதனால்தான் 2005 பொங்கலுக்குத் தள்ளிப்போயிற்று.

அந்த நாளிலும் ஒரு பிழை நேர்ந்தது. ஹைகன்ஸ் இரண்டு அலைவரிசைகளில் பேசியது. அவற்றில் ஒன்றுக்கான ரிசீவரை இயக்கச் சொல்லும் கட்டளை, காசினிக்கு அனுப்பிய பட்டியலில் விடுபட்டிருந்தது. ஏறத்தாழ 700 படங்களில் 350தான் வந்தன. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனை அந்த அலைவரிசையையே நம்பியிருந்தது. நல்லவேளையாக, அமெரிக்காவில் கிரீன் பேங்க், ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் போன்ற வானொலித் தொலைநோக்கிகள் அந்த 10 வாட் குரலை நேரடியாகவே கேட்டுக்கொண்டிருந்தன. போன தகவலில் பெரும்பங்கை அவற்றிலிருந்து மீட்டார்கள். இந்தப் பிழையை யாரும் மூடி மறைக்கவில்லை. அதனால்தான் இன்று நான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

வந்த படங்களைப் பற்றிச் சொல்கிறேன். பாராசூட்டில் தொங்கியபடி 2 மணி 27 நிமிடம் இறங்கியது ஹைகன்ஸ். செம்மஞ்சள் புகைமூட்டம் விலகியதும் கீழே தெரிந்தது ஆறு. கிளை பிரிந்து, மேட்டிலிருந்து தாழ்வை நோக்கிப் போகும் கால்கள். மழை பெய்து ஓடிய தடம் என்று பார்த்த கணமே சொல்லிவிடலாம். அங்கே வெப்பநிலை மைனஸ் 179 டிகிரி. தண்ணீர் பாறையாக இறுகிக் கிடக்கும் குளிர். ஓடியது திரவ மீத்தேன். நம் சமையல் வாயுவுக்கு உறவான பொருள் அங்கே மழையாகப் பெய்து ஆறாக ஓடுகிறது. இறங்கிய இடத்தில் எடுத்த படத்தில் உருண்டைக் கற்கள் கிடந்தன. ஆற்றில் உருண்டு உருண்டு முனை மழுங்கிய கூழாங்கற்கள். அவை கல்லே அல்ல, நீர்ப்பனிக்கட்டி. கலத்தின் சூடு பட்டு ஈரத்தரையிலிருந்து மீத்தேன் ஆவியானதையும் கருவிகள் முகர்ந்தன. காசினி அடிவானத்துக்குக் கீழே மறையும்வரை, தரையிலிருந்து 72 நிமிடம் தகவல் வந்துகொண்டிருந்தது. பின்னாளில் காசினி தன் ராடாரால் டைட்டனின் வடக்கே கடல்களைக் கண்டது. அவற்றில் லிஜியா என்ற கடலின் ஆழம் 160 மீட்டர் வரை இருக்கும் என்று அளந்தார்கள். பூமியைத் தவிர மேற்பரப்பில் திரவம் தேங்கி நிற்கும் இடம் இன்று நமக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இரண்டாமவர் மிஷெல் டோகர்ட்டி. தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர், கணிதம் படித்து லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கு வந்தவர். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது தந்தை வீட்டில் ஒரு தொலைநோக்கி கட்டினார். சனியை அதில்தான் முதலில் பார்த்திருக்கிறார். காசினியிலிருந்து 11 மீட்டர் நீளக் கோல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பொருத்தியிருந்த காந்தமானிக்கு அவர்தான் பொறுப்பு. படம் எடுக்கும் கருவியல்ல அது. செய்தித்தாளில் அதன் பெயர் வருவதில்லை. எண்களாகத் தகவல் தரும், அவ்வளவே.

சனிக்கு என்செலடஸ் என்றொரு சிறு நிலா உண்டு. விட்டம் சுமார் 500 கிலோமீட்டர். வெள்ளை வெளேரென்று பனி மூடியது. இவ்வளவு சிறியது என்றோ உள்வரை உறைந்து செத்துப்போயிருக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். 2005 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் காசினி அதைக் கடந்தபோது, சனியின் காந்தப்புலம் அந்த நிலாவின் அருகே வளைந்து விலகுவதைக் காந்தமானி காட்டியது. ஆற்றில் நட்ட கம்பத்தைச் சுற்றித் தண்ணீர் விலகுமே, அதுபோல. வெறும் பனிக்கட்டி உருண்டை அப்படி விலக்காது. அங்கே வாயு ஏதோ இருக்கிறது என்றார் டோகர்ட்டி. அடுத்த தடவை 1,000 கிலோமீட்டர் தள்ளிக் கடப்பதாகத் திட்டம். இன்னும் நெருங்கிப் போகலாம் என்று கேட்டார்.

இந்தக் கோரிக்கை எவ்வளவு பெரிது என்று எண்ணிப் பாருங்கள். கலத்தில் 12 கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. ஒவ்வோர் அணிக்கும் மாதக்கணக்கில் தீட்டிய திட்டம். ஒரு வரைபடத்தில் கோடு கொஞ்சம் நெளிந்திருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மாற்றினார்கள். ஜூலை 14 அன்று என்செலடஸின் மேல் வெறும் 173 கிலோமீட்டரில் காசினி பறந்தது. அதற்கு முந்தைய இரண்டு இரவுகள் தமக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்று அவர் பின்னாளில் சொல்லியிருப்பதாகப் படித்தேன். வந்திருந்தால்தான் வியப்பு.

தென் துருவத்தில் நாலு நீண்ட பிளவுகள். ஒவ்வொன்றும் சுமார் 130 கிலோமீட்டர். புலிவரிகள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. சுற்றுப்புறத்தைவிட அவை சூடாக இருந்தன; அவற்றிலிருந்து நீராவி பீறிட்டது. நவம்பரில் சூரியனைப் பின்னால் வைத்து எடுத்த படத்தில், அந்தச் சின்ன நிலா விண்வெளியில் நீரூற்றுகளை வீசிக்கொண்டிருப்பதை உலகமே பார்த்தது. சனியின் மங்கலான வெளிவளையம் ஒன்று அந்தத் துளிகளால் ஆனது என்றும் தெரிந்தது. பிறகு காசினி அந்தத் தூவானத்துக்குள்ளேயே பலமுறை புகுந்து போயிற்று. உப்பு இருந்தது. கரிமச் சேர்மங்கள் இருந்தன. 2015 அக்டோபரில் 49 கிலோமீட்டர் உயரத்தில் புகுந்தபோது ஹைட்ரஜன் இருந்தது. கடலடியில் சூடான பாறையோடு தண்ணீர் உறவாடுவதன் அடையாளம் அது. பனிக்கட்டி ஓட்டுக்கடியில் நிலா முழுவதையும் சூழ்ந்த கடல் உண்டு என்பதை 2015இல் உறுதிசெய்தார்கள். கலம் அழிந்து ஆறு ஆண்டுக்குப் பின், 2023இல், அது விட்டுப்போன தரவுகளைத் துழாவி, அந்தக் கடல்நீரில் பாஸ்பேட் இருப்பதைக் கண்டார்கள். உயிர் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். உயிர் வாழத் தேவையானவை அங்கே இருக்கின்றன. தேடப் போவதென்றால் முதலில் போக வேண்டிய வாசல்களில் அது ஒன்று.

டோகர்ட்டி 2025இல் பிரிட்டனின் அரச வானியலாளராக அமர்த்தப்பட்டார். 350 ஆண்டு வரலாற்றில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்.

வளையங்களைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்லாமல் போனால் அந்த எதிர்வீட்டு அம்மா கோபித்துக்கொள்வார். முக்கிய வளையங்களின் குறுக்களவு சுமார் 280,000 கிலோமீட்டர். பெரும்பாலான இடங்களில் தடிமனோ 10 மீட்டர் அளவுதான். ஒரு கிலோமீட்டர் விட்டத்தில் தட்டு ஒன்று செய்து அதே விகிதத்தில் மெலிதாக்கினால், நாம் எழுதும் தாளில் பாதிகூட இராது. 2009 ஆகஸ்டில் சூரியன் வளையத்தளத்துக்கு நேராக வந்தது. மாலை வெயிலில் நம் நிழல் நீளுமே, அப்படி வளையத்தின் ஓரத்தில் 2.5 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்ற மேடுகளின் நிழல் நீண்டு விழுந்தது. வகுப்பில் பல ஆண்டு, வளையங்கள் சூரியக் குடும்பத்தோடு பிறந்தவை என்று பாடம் நடத்தியவன் நான். காசினி கடைசி மாதங்களில் அவற்றின் நிறையை அளந்த பிறகு, அவற்றுக்கு 1 கோடி முதல் 10 கோடி ஆண்டுதான் வயது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மறு சாரார் ஏற்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

2017இல் எரிபொருள் தீரும் நிலை வந்தது. கலத்தை அப்படியே விட்டுவிட்டால் என்றேனும் ஒருநாள் என்செலடஸிலோ டைட்டனிலோ போய் விழலாம். பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர் ஏதேனும் உள்ளே பிழைத்திருந்தால் அந்தக் கடல் கெடும். ஆகவே கலத்தைச் சனிக்குள்ளேயே எரித்துவிடத் தீர்மானித்தார்கள். அந்தக் கடலைக் கண்டுபிடித்த கலம் அந்தக் கடலுக்காகவே எரிந்தது. ஏப்ரல் முதல் வளையத்துக்கும் கோளுக்கும் நடுவில், எந்தக் கலமும் போயிராத சந்தில், 22 முறை புகுந்து வந்தது. செப்டம்பர் 15 அன்று கடைசியாகச் சனியின் காற்றில் இறங்கியது. பார்ப்பதும் பேசுவதும் ஒன்றாக முடியாத கலம் என்றேன் அல்லவா? அன்று படம் எடுக்கவில்லை. ஆன்டெனாவைப் பூமியை நோக்கியே வைத்துக்கொண்டு, காற்று கவிழ்க்கப் பார்க்க, சிறு உந்திகளை முழு வலுவில் இயக்கித் தன்னை நிமிர்த்திக்கொண்டு, முகர்ந்த காற்றின் விவரத்தை அந்தந்த நொடியே சொல்லிக்கொண்டிருந்தது. எதிர்பார்த்ததைவிட அரை நிமிடம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. இந்திய நேரம் மாலை 5 மணி 25 நிமிடம் 46 நொடிக்குக் கான்பெராவின் ஆன்டெனாவில் குரல் நின்றது. அது நமக்கு வந்து சேர 83 நிமிடம். நாம் கேட்டுக்கொண்டிருந்தபோதே கலம் சாம்பலாகியிருந்தது.

சனியை 294 முறை சுற்றியது. 4,53,048 படங்கள். 1982இல் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது இளைஞராக இருந்தவர்கள், கடைசிக் குரல் வந்த அன்று முதியவர்கள். அடுத்து டைட்டனுக்குப் போக டிராகன்ஃப்ளை என்ற பறக்கும் கலத்தை நாசா கட்டுகிறது. 2028இல் ஏவி, 2034இல் டைட்டனில் இறக்குவது திட்டம். இங்கே முன்வரிசையில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அப்போது கல்லூரியில் இருப்பார்கள்.

அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். எனக்குத் தந்த மதிப்பூதியத்தைத் திருப்பித் தருகிறேன். அடுத்த ஆண்டு வட்டியையும் அதோடு சேர்த்து இந்தப் பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுங்கள். மூன்று அங்குல வில்லை போதும்; வளையம் தெரியும், டைட்டனும் தெரியும். 2025 மார்ச்சில் விளிம்பு காட்டி மெல்லிய கோடாகிப்போன வளையம் இப்போது ஆண்டுக்கு ஆண்டு விரிந்து வருகிறது. 2032 வாக்கில் நன்றாக விரிந்து நிற்கும். தொலைநோக்கியைப் பூட்டி வைக்காமல் மாதம் ஓர் இரவு மைதானத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகளோடு அவர்களுடைய அம்மாக்களையும் கூப்பிடுங்கள்.